அண்ணாந்து குடித்தவர்

காபி நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர் முருகையன். சர்க்கரை மட்டும் அரை ஸ்பூன் தூக்கல். குறை சொல்வதாக நினைக்காதீர்கள். நாக்கைப் பழக்கிவிட்டால் இந்த மாதிரி சங்கடங்கள் வரத்தான் செய்யும்.

என் பெயர் கிரீஷ். அபிராமபுரத்தில் இருக்கிறேன். போன மாதம் காலமான மயிலாப்பூர் சுவாமிநாதன் என் அக்காவின் கணவர், எனக்கு அத்திம்பேர். அவர் சாவில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சர்க்கரை வியாதி, கால் புண், பிறகு மாரடைப்பு என்று டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். நானாகத்தான் வந்திருக்கிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு ரீஸ்லிங்கில் ஈடுபாடு. ஜெர்மனியில் பிறந்த வெள்ளைத் திராட்சை ஒயின் அது. குடிக்கக் கோடீஸ்வரனாக இருக்க வேண்டியதில்லை. விமான நிலையக் கடையிலும் பாண்டிச்சேரியிலும் ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலைக்குக் கிடைக்கும். ஒரே திராட்சையில் தித்திப்பே இல்லாத ரகமும் உண்டு, இளந்தித்திப்பும் உண்டு, முழுத்தித்திப்பும் உண்டு. எல்லாவற்றிலும் எலுமிச்சைப் புளிப்பு ஒன்று நிற்கும். அந்தப் புளிப்பு சர்க்கரையை மறைத்துவிடும், நன்றாகக் குளிரவைத்தால் இன்னும் மறையும். அதனால் நான் எப்போதும் லேபிளை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சுவைப்பேன். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அத்திம்பேரிடம் முறை கிடையாது. சபாவில் பாட்டுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தவர், ஒயினுக்கும் போட ஆரம்பித்தார். டாக்டரிடம் மன்றாடி, தித்திப்பில்லாத ஒயின் என்றால் கொஞ்சம் குடிக்கலாம் என்று அனுமதியும் வாங்கிவிட்டார். ஆனால் ஆசாரத்தை மட்டும் விடவில்லை. எச்சில் படக்கூடாது என்று வெள்ளி டம்ளரில் ஊற்றி, அண்ணாந்து, உதட்டில் படாமல் நேரே தொண்டைக்குள் விட்டுக்கொள்வார். ஒயின் அவர் நாக்கைப் பார்த்ததே இல்லை. மூக்கைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் நாலு ரீஸ்லிங்கை ஒப்பிட்டுப் பார்த்தோம். பெயர் தெரியாமல் இருக்கப் பாட்டில்களை அங்கவஸ்திரத் துண்டுகளில் சுற்றி வைத்தேன். மூன்றாவது பாட்டில் முழுத்தித்திப்பு. அதை அண்ணாந்து விட்டுக்கொண்டவர், நாலில் இதுதான் துளியும் தித்திப்பில்லாதது என்று தீர்ப்புச் சொன்னார். இல்லை அத்திம்பேர், இதுதான் அதிகத் தித்திப்பு என்றேன். துணியை அவிழ்க்கவும் அவர் விடவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"உனக்கு நாக்குன்னு ஒண்ணு கெடையாதுடா கிரீஷ். பகவான் அதைப் பேசறதுக்கு மட்டும்தான் வெச்சிருக்கான்" என்றார்.

சபா நண்பர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். எனக்கு வருத்தமில்லை. ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை, அது வேறு விஷயம்.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் அவர் தீர்ப்பை மதித்ததுதான். எதைத் தித்திப்பில்லாதது என்றாரோ அதையே வாங்கிக் கொடுத்தேன். லேபிளை வெந்நீரில் ஊறவைத்து உரித்துவிடுவேன். பெயர் பார்த்துக் குடிக்கிறவன் ரசிகனே இல்லை என்று அவர்தான் சொல்வார். வாரம் ஒரு பாட்டில் என்றிருந்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆயிற்று.

சர்க்கரை ஏறியது. அக்கா சாதத்தை நிறுத்தினாள், பிறகு வாழைப்பழத்தை, பிறகு காபியை. மனுஷர் சாமையும் வரகுமாகச் சாப்பிட்டு, என் ஒயினால் மனசைத் தேற்றிக்கொண்டார். அப்படியும் இறங்கவில்லை என்றதும் சமையல்கார இசக்கியம்மாள் குழம்பில் வெல்லம் போடுகிறாள் என்று அவளை நிறுத்திவிட்டார்.

"சக்கர டப்பா பக்கமே நான் போவல சார். எங்கேர்ந்து ஏறுதுன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்று என்னிடம்தான் வந்து அழுதாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்கு மனசு கேட்கவில்லை. என் வீட்டிலேயே வேலை கொடுத்தேன். வத்தக்குழம்பு நன்றாக வைக்கிறாள்.

கால் கட்டைவிரலை எடுத்தபோது நிறுத்தியிருக்கலாம். நினைத்தும் பார்த்தேன். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே டம்ளரை நீட்டினார். சரி, ஒப்பீடு என்றால் முழுமையாக இருக்க வேண்டும் என்று, கொடியிலேயே வற்றவிட்ட திராட்சையில் செய்த ரகத்தைக் கொண்டுபோனேன். தேனுக்குத் தம்பி அது. இதுதாண்டா சுத்தம் என்றார். தித்தித்தது தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார், தீர்ப்பு சொன்ன வாய் அது.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்த அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ வர அன்னிக்குத்தாண்டா அவர் சிரிக்கறார். விடாம வந்துண்டிரு" என்றாள். விடாமல் போனேன்.

இப்போது ஏன் வந்தேன் என்பதற்கு வருகிறேன். பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு முன்னால் சபா செயலாளர் எழுந்து, சுவாமிநாதனைப் போல ஒரு நாக்கு இனி மயிலாப்பூருக்குக் கிடைக்காது என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ரசனைக்கென்று அவர் பெயரில் வருஷாவருஷம் பரிசு வேறு கொடுக்கப்போகிறார்களாம். அவர் கால் போனதைப் பொறுத்துக்கொண்டேன், உயிர் போனதையும் பொறுத்துக்கொண்டேன். இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தேதான் கொடுத்தேன். கொல்லும் என்று தெரியும், கொல்லட்டும் என்றுதான் ஊற்றினேன். எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள். அவருக்கு நாக்கு கிடையாது, எனக்கு உண்டு என்பது மட்டும் வாக்குமூலத்தில் வந்துவிட வேண்டும்.

ஏன் சிரிக்கிறீர்கள்?

"ஒண்ணும் இல்ல சார். இந்த ஸ்டேஷன்ல எல்லாருக்கும் சுகர் கீது. நீங்க குடிச்ச காபில சக்கரையே போடல" என்கிறீர்கள்.

இருக்காது. கடைக்காரன் உங்களை ஏமாற்றுகிறான். வேண்டுமானால் சர்க்கரை போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று இரண்டு டம்ளர் வரவழையுங்கள். எது எது என்று மட்டும் முதலில் சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். குடித்துப் பார்த்து நான் சொல்கிறேன்.