1911ஆம் ஆண்டுச் சேறு

— சேறு எங்க அங்கிள்? ஐயோ, கார் மேல இருந்த சேறு எங்க?

— கழுவிப்போட்டன் பிள்ளை. ரெண்டு வாளிச் சுடுதண்ணி, ஒரு பிரஷ். இப்ப பாரும், கணேசலிங்கத்தின்ரை கைபட்டு என்ன மாதிரி மினுங்குது!

— கழுவிட்டீங்களா? இது ரேஸ் கார் அங்கிள்! 1911ல அமெரிக்காவுல ஓடினது!

— ஓம், பழசெண்டு தெரியும். நாளைக்கு ஏலம் எண்டு சொன்னவை. புது வீட்டுக்குப் போற வாகனத்தை ஊத்தையோடை அனுப்பலாமே? சந்தனப் பொட்டும் வைச்சன். நாலு சில்லுக்குக் கீழையும் தேசிக்காய் இருக்கு, உருட்டேக்கை நசியும்.

— எலுமிச்சம்பழம் வேறயா... எனக்குத் தலை சுத்துது.

— இதிலை இரும். ஏன் முகம் வெளிறிப்போச்சு? மொன்றியலிலை இருவத்தஞ்சு வருசமாக் கூட்டித் துடைக்கிறன், ஒருத்தரும் குறை சொல்லேல்லை.

— இதோட ஓனர் ஒரு செப்புச் சுரங்கக் கோடீஸ்வரர். கரடித்தோல் கோட்டு போட்டுக்கிட்டு, மெக்கானிக் உக்கார்ற சீட்ல நாயை உக்கார வச்சுதான் ரேஸ் ஓட்டுவாரு.

— நாயோடை றேசோ? நல்ல விசரன்!

— ஒரே ஒரு தடவை, கொட்டுற மழையில ஜெயிச்சாரு. அந்தச் சேத்தை யாரும் தொடக்கூடாதுன்னு உயில்லயே எழுதி வச்சுட்டாரு.

— கடவுளே! ஊத்தைக்கு உயிலோ?

— அந்தச் சேத்துக்குத்தான் அங்கிள் ஏலமே! நூறு வருஷமா கழுவாத கார்னு கேட்டலாக்ல எழுதினது நான். சேறு அசல்னு கையெழுத்து போட்டதும் நான். வேலை போச்சு. வொர்க் பெர்மிட் போச்சு. பொட்டியக் கட்டிக்கிட்டு சென்னைக்குப் போகவேண்டியதுதான்.

— அழாதையும் கயல். பிழை என்ரை. முதலாளியிட்டை நானே போய்ச் சொல்லுறன்.

— சொல்லி? சேத்தைத் திரும்ப ஒட்டுவீங்களா?

— ஒட்டேலாது. அந்தக் கோடீஸ்வரர் எப்ப செத்தவர்?

— 1934ல. இப்ப அது எதுக்கு?

— முன் சில்லுக்கு மேலை சேறு கட்டியா இருந்தது. உடைக்கேக்கை உள்ளுக்கை இருந்து இது விழுந்தது. பாண், அதுதான் நீங்கள் சொல்லுற பிரெட், அந்தப் பையைக் கட்டுற பிளாஸ்ரிக் கிளிப். திகதியும் அடிச்சிருக்கு, கண்ணாடி போட்டுத்தான் வாசிச்சனான். செத்த மனுசன் எப்பிடிப் பிள்ளை போன ஏப்ரலிலை பாண் வாங்கினவர்?