ரிசப்ஷனில் வந்த சாமி

சோமனூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டுக்காரர், மடியில் டிரம்ஸ் குச்சிகளோடு, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"நேத்து ரிசப்ஷன்ல மாப்பிள்ளையோட அத்தைக்குச் சாமி வந்துருச்சுங்க."

"சினிமாப் பாட்டுக்குங்களா?"

"நான் கோயில்ல பம்பை அடிச்சவனுங்க. ஆர்கெஸ்ட்ராவுல சேந்ததுலருந்து கேசட்டுல இருக்கற மாதிரியே ஓனருக்குப் பயந்து பயந்து அடிச்சேன். நேத்து பாட்டு நடுவுல கை தானா பம்பை அடிக்குப் போயிருச்சு, அந்தம்மா சாமி வந்து ஆட ஆரம்பிச்சிருச்சு."

"அய்யோ! அப்புறம்?"

"வேலை போச்சுன்னு நிறுத்திப்போட்டேனுங்க. சாமி நேரா மேடைக்கே வந்து, 'ஏண்டா நிறுத்துன? இப்பத்தான் நல்லா இருந்துது, அடிடா!'ன்னுச்சு."

"ஓனரு ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சாமியே சொன்னப்புறம் அவரு என்னங்க சொல்லுவாரு? கடைசி இங்கிலீஷ் பாட்டுக்கும் நம்ம அடிதானுங்க!"