வண்டியில் குறை இல்லை

அந்த நாற்காலி வேணாம் சார், அதுல டயருக்குப் பசை போட்டுக் காய வச்சிருக்கேன். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஃபேன் கொஞ்சம் முனகும், கண்டுக்காதீங்க. வீட்டுல மத்த எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணிட்டேன், அதை மட்டும் நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டுட்டே வரேன்.

ஸ்டேஷன்ல இருந்து நீங்க எழுதிட்டு வந்த வாக்குமூலத்தைப் படிச்சேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒரே ஒரு வரிதான் உறுத்துது. ‘சரிவரப் பொருத்தப்படாத பொம்மை வண்டி சறுக்கியதால், அதைப் பிடிக்க முயன்றவர் நிலைதடுமாறி விழுந்தார்.’ இதை யார் சார் சொன்னது? என் பொண்ணா? அப்பாவுக்கு முன்ன மாதிரி கண்ணு தெரியலை, ஏதோ ஒரு ஸ்க்ரூவைச் சரியா முடுக்காம விட்டிருப்பார்னு சொன்னாளா? சரி. புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறவ, அவ பேச்சை நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். ஆனா அந்த வரிக்குக் கீழ என் கையெழுத்து வராது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

மொதல்ல, அது பொம்மை இல்லை. பாறை ஏறுற வண்டி. ராக் கிராலர்னு சொல்லுவாங்க. ரிமோட்டுல ஓட்டுறது. வேகம்ங்கிற பேச்சே கிடையாது, எறும்பு ஊர்ற மாதிரிதான் போகும். ஆனா நாம கால் வைக்கத் தயங்குற பாறையில அது பாட்டுக்குப் பிடிச்சுக்கிட்டு ஏறும். பெரிசும் இருக்கு, சிறிசும் இருக்கு. புதுசா வர்றவங்க எல்லாரும் பெரிசைத்தான் கேப்பாங்க. நான் சிறிசை வாங்குங்கன்னு சொல்லுவேன். உள்ளங்கையில அடங்குற வண்டிக்குக் கூழாங்கல்லு கூட மலைதான், ஓட்டுறதுக்கு அப்படி இடம் கிடைச்சுக்கிட்டே இருக்கும்.

கடையில இருந்து வந்த கையோட அது ஒண்ணுத்துக்கும் உதவாது. லேசா இருக்கும், கொஞ்சம் சரிவு வந்தாலே குட்டிக்கரணம் போடும். அதுக்கப்புறம்தான் நம்ம வேலை. எடையைக் கீழ கொண்டு வரணும், முன்னாடி கொண்டு வரணும். அச்சுல பிளாஸ்டிக்கைக் கழட்டிட்டுப் பித்தளை போடணும். டயர் ரப்பர் நகத்தால அழுத்தினா உள்ள போகணும், எடுத்தா உடனே எழும்பணும். நான் வாழ்நாள் பூரா தராசு ரிப்பேர் பண்ணின ஆளு சார். ஒரு பொருளை விரல் நுனியில வச்சுப் பார்த்தா அது எந்தப் பக்கம் சாயும்னு சொல்லிடுவேன். என்கிட்ட போய் சரியாப் பொருத்தலைன்னா, சிரிப்புதான் வருது.

மாப்பிள்ளையைப் பத்திச் சொல்லணும். அவரை என் பொண்ணே தேடிக்கிட்டா. வண்டியைத்தான் நான் தேடிக் குடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல மனுஷன். பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டர். வாய் ஓயாது, ஆனா ஒரு கெட்ட வார்த்தை வராது. சாப்பாடு எப்படி இருந்தாலும் நல்லா இருக்கும்பார். என் சம்சாரம் போனதுக்கு அப்புறம் இந்த வீட்டுல நானும் பாப்பாவும்தான் இருந்தோம். வளர்ந்து ஆஸ்பத்திரி லேபுல வேலைக்குப் போனாலும் எனக்கு அவ பாப்பாதான். கல்யாணம் ஆனதும் ரெண்டு பேரும் மாடியிலயே குடித்தனம் வச்சாங்க. தினம் காலையில அவ படியில தடதடன்னு இறங்குற சத்தம் கேக்கும். அது கேட்டாத்தான் எனக்கு டீயே உள்ள இறங்கும்.

ஒரு நாள் சாப்பிடும்போது மாப்பிள்ளை மெதுவா ஆரம்பிச்சார். “மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. வேற ஊர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில அவளுக்கு வேலை வந்திருக்கு. எனக்கும் அங்க ஒரு பள்ளிக்கூடத்துல சொல்லி வச்சிருக்கேன். லீவுக்கு லீவு வந்துடுவோம்.”

பாப்பா தலை நிமிரலை, தட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. அவ தட்டைப் பாத்தா அவளுக்கு இஷ்டம் இல்லைன்னு அர்த்தம். பெத்தவனுக்குத் தெரியாதா? புருஷன் இழுத்த இழுப்புக்குப் போறா, பாவம், வாயைத் திறந்து சொல்ல முடியலை. இருந்தாலும், “சந்தோஷம் மாப்பிள்ளை, எப்ப கிளம்புறீங்க?”ன்னுதான் கேட்டேன். பரீட்சை முடிஞ்சதும்னார். எனக்கு அவகாசம் இருந்துச்சு.

அதுக்கு அடுத்த வாரம்தான் அவருக்கு வண்டி வாங்கினேன். அதுவரைக்கும் அவர் என் வண்டியை எட்ட நின்னு வேடிக்கை பாக்கிறவர்தான். சின்னப் பையனுக்குச் சைக்கிள் வாங்கிக் குடுத்த மாதிரி அவருக்குத் தலைகால் புரியலை. “எனக்கா மாமா? எனக்கே எனக்கா?”ன்னு கேட்டார். பாப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மாமனாரும் மருமகனும் ஒண்ணாயிட்டீங்க, இனிமே என்னைக் கண்டுக்கவே மாட்டீங்கன்னு கிண்டல் பண்ணினா.

இதுல ஒரு சங்கதி உங்களுக்குத் தெரியணும். இந்த வண்டியை ஓட்டுறவன் கண்ணு முன் சக்கரத்தை விட்டு நகரவே நகராது. அது எந்தக் கல்லுல பிடிக்குது, எதுல வழுக்குதுன்னு பாத்துக்கிட்டே கூட நடக்கணும். சின்ன வண்டின்னா இன்னும் குனிஞ்சு, மூக்கு உரசுற அளவுக்குப் பாக்கணும். தன் கால் எங்க போகுதுன்னு அவனுக்குத் தெரியாது. அதனால இந்த வண்டி ஓட்டுற எங்க கூட்டத்துல தனியா ஓட்டுறது கிடையாது. ஒருத்தன் ஓட்டினா இன்னொருத்தன் அவன் காலைப் பாப்பான். வண்டியைப் பாக்கக் கூடாது, காலை மட்டும்தான். பள்ளமோ ஓரமோ வந்தா “கால்”னு ஒரே வார்த்தை. அது காதுல விழுந்த உடனே ஓட்டுறவன் அப்படியே நிக்கணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது.

மாப்பிள்ளைக்கு மொதல்ல இது பழகலை. நடுவுல நடுவுல தன் காலைப் பாத்துக்குவார், அதுக்குள்ள வண்டி கவுந்துடும். “அதுக்குத்தானே நான் இருக்கேன். நீங்க வண்டியைப் பாருங்க, உங்க காலை என்கிட்ட விடுங்க”ன்னு சொல்லிச் சொல்லி அந்தப் பழக்கத்தை மறக்கடிச்சேன். கொஞ்ச நாள்ல நல்லாத் தேறிட்டார். நான் சொன்னா கல்லு மாதிரி நிப்பார். சொல்லலைன்னா நடந்துக்கிட்டே இருப்பார். வீட்டுலயும் அது ஒரு விளையாட்டாப் போச்சு. பாப்பா துணி மூட்டையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படியில இறங்கினா நான் கீழ இருந்து “கால்”னுவேன். அவ அப்படியே நின்னு, குனிஞ்சு பாத்துட்டு, சிரிச்சுக்கிட்டே இறங்குவா.

வண்டியை அவருக்குன்னே பாத்துப் பாத்துப் பண்ணினேன். கியரை இன்னும் மெதுவாக்கினேன், அவசரப்படாம நடப்பார். முன் அச்சுல பித்தளை, வண்டி எதுலயும் தடுமாறாது. தடுமாறினா ஓட்டுறவன் நின்னு நிமிர்ந்து பாப்பான் இல்லையா. ரிமோட்டுல விசையை விட்டா சரிவுல கூடப் பிடிச்சு நிக்கிற மாதிரி வச்சேன். பெயிண்ட் விஷயத்துல மட்டும் பாப்பா குறுக்க வந்தா. “மஞ்சள் அடிங்கப்பா, பளிச்சுனு தெரியும்.” பாறை நிறம்தான் அழகுன்னு சொல்லிப் பழுப்பும் சாம்பலும் கலந்து அடிச்சேன். பாறை மேல விட்டா கண்ணை எடுத்தவனுக்கு மறுபடி கண்டுபிடிக்க முடியாது. கண்ணை எடுக்காம இருந்தா ஒரு பிரச்சனையும் இல்லை.

அவர் விழுந்த அந்தப் பழைய கல்குவாரிக்கு நான் முன்னாடியே தனியாப் போய்ப் பாத்துட்டு வந்தேன். எங்க கூட்டத்துல அதுவும் வழக்கம்தான், வழி பாக்கிறதுன்னு சொல்லுவோம். அங்க மேல் தட்டுல நீளமா ஒரு பாறை, லேசான சரிவு, நல்ல பிடிமானம். கிடுகிடு பள்ளத்தோட ஓரத்தை ஒட்டியே போகுது. போகப் போக ஒரு பக்கம் சுவர் மாதிரி கல்லு துருத்திக்கிட்டு வருது. வண்டி போறதுக்குத் தாராளமா இடம் இருக்கு. கூட நடக்கிறவனுக்கு இல்லை. நான் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு நடந்து பாத்தேன், அந்த இடத்துல ஒரு மனுஷன் காலை வெளியில வச்சுத்தான் ஆகணும்.

நீங்க அப்படிப் பாக்காதீங்க சார். நான் அவரைப் பயமுறுத்தத்தான் நினைச்சேன். அந்த ஓரத்துல “கால்”னு நிறுத்தி, “கீழ பாருங்க மாப்பிள்ளை, அந்த ஊர்ல உங்க காலைப் பாக்க யார் இருக்கா?”ன்னு கேக்கணும். அவ்வளவுதான் என் எண்ணம். மனுஷன் ஒரு தடவை பயந்தா மனசு மாறுவான் இல்லையா.

அன்னைக்குக் காலையில நல்ல வெயில். மேல ஏறும்போது மாப்பிள்ளை வழக்கம் போலப் பேசிக்கிட்டே வந்தார். திடீர்னு நின்னு, “மாமா, உங்ககிட்ட மறைச்சா எனக்கு மனசு கேக்காது. நான் இங்கேயே இருந்துடலாம்னுதான் சொன்னேன். அவதான் கேக்கலை. அந்த வீட்டுல மூச்சு முட்டுதுன்னு அழுறா. நீங்க அவகிட்ட காட்டிக்காதீங்க”ன்னார்.

பாருங்க, எப்படிப்பட்ட பழியைத் தூக்கி என் பொண்ணு மேல போடுறார். தான் தப்பிக்கிறதுக்குப் பொண்டாட்டியைச் சாக்கு சொல்ற ஆளுன்னு அதுவரைக்கும் நான் நினைக்கலை. அவ அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டா. “சரி, வண்டியை இறக்குங்க மாப்பிள்ளை”ன்னேன்.

அழகா ஓட்டினார் சார். ஒரு இடத்துல கூட சக்கரம் சுத்தலை. “மாமா, பாத்தீங்களா, பிடிக்குது பாத்தீங்களா”ன்னு சொல்லிக்கிட்டே குனிஞ்சு நடந்தார். நான் அவர் காலைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். வழக்கம் அதுதானே. இடது கால், வலது கால், மறுபடியும் இடது கால். அந்தத் துருத்தின கல்லு வந்துச்சு. வலது காலை எடுத்து வெளியில வச்சார். பாதிச் செருப்புதான் பாறையில இருந்துச்சு. அடுத்த அடிக்கு அங்க ஒண்ணும் இல்லை.

எனக்கு வாய் வரலை சார். வயசு ஆயிடுச்சு, தொண்டை அடைச்சுக்கிச்சு. சொல்லணும்னுதான் போனேன், நேரத்துக்கு வார்த்தை வரலை. நான் அவரைத் தள்ளலை, விரல் நுனி கூட அவர் மேல படலை. ஒரு வார்த்தை சொல்லலை, அவ்வளவுதான். அதுக்குச் சட்டத்துல என்ன பேருன்னு உங்களுக்குத்தான் தெரியும்.

அவர் கத்தக்கூட இல்லை. நான் உடனே கீழ எட்டிப் பாக்கலை, வண்டியைத்தான் பாத்தேன். ஓரத்துல இருந்து ஒரு சாண் தள்ளி நாலு சக்கரத்தையும் ஊனிக்கிட்டு நின்னுச்சு. ரிமோட் அவர் கையோட கீழ போயிடுச்சு. இருந்தும் அந்தச் சரிவுல ஒரு நூல் நகரலை. உங்க ஆளுங்க எடுத்த போட்டோ இருக்குமே, எடுத்துப் பாருங்க. இதையா சறுக்கிடுச்சுன்னு எழுதுவீங்க? விழுந்தது அவர். வண்டி நின்னுச்சு.

இதை நான் உங்களுக்குச் சொல்லியிருக்கவே வேண்டியதில்லை. தவறி விழுந்தார்னு மட்டும் எழுதியிருந்தா கையெழுத்துப் போட்டுட்டு உங்களை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பியிருப்பேன். என் பொண்ணு மனசுல அப்பன் வேலை தெரியாதவன்னு பதிஞ்சுடக் கூடாது, அதான். மாடியில பெட்டியெல்லாம் கட்டி வச்சிருக்கா, தெரியுமா. அந்த ஊருக்குத் தனியாவே போறேங்கிறா. போக மாட்டா. துக்கத்துல அப்படிப் பேசுறா. கொஞ்ச நாள் போனா கீழ இறங்கி வந்து அப்பா டீ குடிச்சீங்களான்னு கேப்பா. அதுக்குத்தானே சார் இவ்வளவும்.

பாப்பா?

நீ எப்பம்மா வந்து நின்னே? படியில சத்தமே கேக்கலையே. பெட்டியை ஏன் கையில வச்சிருக்கே? கீழ வை. நான் சாருக்கு வண்டியைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தேன், வேற ஒண்ணும் இல்லை. ஏன் அப்படிப் பாக்கிறே? இரும்மா, என்னைப் பாத்துக்கிட்டே பின்பக்கமா நடக்காதே. பின்னாடி வாசப்படி இருக்கு, பாரு...

கால்.

நின்னுட்டா. பாத்தீங்களா சார், சொன்ன உடனே நின்னுட்டா. எவ்வளவு சுலபமா வந்துடுச்சு பாருங்க, யோசிக்கக்கூட இல்லை. அன்னைக்கும் இப்படித்தான் சார், நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நான்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அவர் பாதிச் செருப்புல நின்னு ஒரு தடவை என்னைத் திரும்பிப் பாத்தார், அப்பவும் வாயைத் திறக்கலை.

அந்த வரியை அடிச்சுட்டு இதை எழுதிக்குங்க சார், கையெழுத்துப் போடுறேன். இப்பவாவது ஒத்துக்கிறியா பாப்பா? அப்பா வண்டியை ஒழுங்காத்தான் பண்ணியிருந்தேன்.