ஜன்னலோர வழி

கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவனுக்கு வேண்டியது இரண்டுதான், ஐயா. நடுங்காத கை, நல்ல வெளிச்சம். என் கை இன்றுவரை நடுங்கியதில்லை. வெளிச்சம் பக்கவாட்டு ஜன்னல் வழியாக வரும். அந்த ஜன்னலுக்கும் மதிலுக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்கு என் இடம் இருக்கிறது. அதில் புகுந்தால் பின்தெருவுக்குப் போய்விடலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊருக்கெல்லாம் சாலை விதி சொல்லிக்கொடுப்பார், தான் மட்டும் குறுக்கே போவார். குடிவந்த புதிதிலேயே கேட்டார்.

"அண்ணே, இப்படிப் போனா பஸ் ஸ்டாப் கிட்டக்க. உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

"என்ன தம்பி இப்படிக் கேக்கறீங்க? உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க," என்றேன். முகத்துக்கு நேரே ஒருவரை நோகடிக்க எனக்கு வராது.

அவரும் அப்படியே நினைத்துக்கொண்டார். முதலில் அவர், பிறகு அவர் மனைவி, மைத்துனன், வண்டி பழக வந்தவர்கள். ஒவ்வொருவர் நிழலும் என் மேஜைமேல் விழும். மயிரிழை போன்ற ஸ்பிரிங்கை இடுக்கியில் பிடித்திருக்கும்போது நிழல் விழுந்தால் அது தெறித்துப் போகும். தரையில் தவழ்ந்து தேடுவேன். ஜன்னலில் அவர் தலை எட்டிப் பார்க்கும். "என்னண்ணே, எதையாவது தொலைச்சுட்டீங்களா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரித்துவைப்பேன்.

நாசூக்காக உணர்த்திப் பார்த்தேன். வழியை மறித்துப் பூந்தொட்டிகள் வைத்தேன். தாண்டிப் போகும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றினார், செடிகள் செழித்துவிட்டன. கொடி கட்டி ஈரத்துணி போட்டேன். காய்ந்ததும் மடித்து என் மனைவியிடம் கொடுத்தார். கதவு போட்டேன். கிறீச்சிடுகிறதே என்று கீலுக்கு எண்ணெய் விட்டார். இப்படிப்பட்ட மனிதரிடம் எப்படிக் கண்டிப்பாகப் பேசுவது, நீங்களே சொல்லுங்கள்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன். கேட்டுக்குவாரு," என்றாள் மனைவி.

"மனசு சங்கடப்படும்," என்றேன்.

போன வாரம் அவர் வீட்டுப் பின்பக்கம் சுவர் இடிக்கிற சத்தம் கேட்டது. வீட்டைப் பெரிதாக்குகிறார், இனி வாடகைக்கு ஆள் வைப்பார், அவர்களும் இந்த வழியாகத்தான் வருவார்கள் என்று நினைத்தேன். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

வழியின் நடுவே ஒரு பாழுங்கிணறு உண்டு. மேலே கல் மூடி, விசாரணைக்கு வந்தபோது நீங்கள்கூடப் பார்த்தீர்கள். மனைவியை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தேன், அவளும் அந்தப் பக்கம் நடப்பவள் ஆயிற்றே. கடப்பாரையால் கல்லை நெம்பி நகர்த்தினேன். அந்த இடத்தில் மெல்லிய பலகை பதித்து மண் தூவினேன். என் வேலையில் விளிம்பு தெரியாது. யார் முதலில் வந்தாலும் சரி என்றுதான் இருந்தேன். எனக்கு யார்மேலும் தனிப்பட்ட பகை கிடையாது.

அவரே வந்தார். பலகை முறிகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து குரல். "அண்ணே, உள்ள விழுந்துட்டேன். கொஞ்சம் கை குடுங்கண்ணே." அப்போதும் மரியாதை குறையவில்லை.

"இதோ வர்றேன் தம்பி," என்றேன். கையில் ஒரு சக்கரம் இருந்தது, பாதியில் விடக்கூடிய வேலை இல்லை. அன்றைக்கு வெளிச்சமும் அருமையாக இருந்தது. முடித்துவிட்டு எழுந்தபோது அவர் கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். கல்லை மறுபடி இழுத்து மூடினேன்.

பிறகு அவர் மனைவி வந்து தேடினாள். அவள் சொல்லித்தான் விஷயமே எனக்குத் தெரியும். பின்மதிலை இடித்துத் தங்களுக்கென்று சொந்தமாக ஒரு வாசல் வைத்துவிட்டார்களாம். "இனிமே அண்ணனுக்குத் தொந்தரவு இல்லை, ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு வந்துடறேன்" என்று புதுச் சாவியும் கையுமாகக் கிளம்பினாராம்.

நல்ல மனிதர்தான், ஐயா, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்ல முன்வாசல் வழியாக வந்திருக்கலாம்.