கொக்கி போட்ட வீடு

— உக்காரு அத்தாயி. நின்னுக்கிட்டே கேட்டா நான் சொல்றது உனக்கு ஏறாது.

— நிக்கறேனுங்க சாமி. உக்காந்தா அழுகை வந்துருமுங்க. நாளைக்குக் கல்லு நடறாங்கன்னு தெருவுல பேசிக்கறாங்களே, நெசமுங்களா?

— நெசந்தான். உன்ற ஊடு இருந்த எடத்துல நாலு மூலைக்கும் கல்லு. இனி அங்க ஆரும் கட்டக் கூடாது. முனிசிபாலிட்டி உத்தரவு.

— உத்தரவு போடச் சொன்னதே தீயணைக்கற ஸ்டேசன் மேஸ்திரிதான்னு சொல்றாங்க.

— நாந்தான் சொன்னேன். இந்தக் குழந்தைவேல் சொல்லாம வேற ஆரு சொல்லுவா? சித்திரையில உங்க தெரு பத்திக்கிச்சு. மணி அடிச்ச ஒடனே வண்டி கெளம்பியாச்சு. ஆனா தெரு மொனையில வந்து நின்னுபோச்சு, உள்ள நொழைய வழியில்ல. கித்தான் குழாயை நீட்டிப் பாத்தோம், பாதித் தெருவுக்கு மேல எட்டல. கெணத்துல தண்ணி இழுத்தோம், சித்த நேரத்துல சேறுதான் வந்துச்சு. அப்புறம் என்ன பண்றது, நீயே சொல்லு.

— கொக்கி போட்டீங்க.

— போட்டோம். நெருப்புப் புடிக்காத ஊடு ஒண்ணைக் கொக்கியில இழுத்துத் தள்ளி நடுவுல வெறும் எடம் பண்ணினாத்தான் நெருப்பு தாண்டாது. தண்ணி தீந்துபோனா எங்க தொழில்ல அது ஒண்ணுதான் வழி.

— தப்புன்னு நான் சொல்லலீங்க சாமி. உள்ள ஆராச்சும் இருக்கறாங்களான்னு பாக்க நீங்கதான் மொதல்ல நொழைஞ்சீங்க. வாசக்கால் நெலவுல உங்க பித்தளைத் தொப்பி இடிச்சு அப்படியே பின்னால சாஞ்சீங்க. அத்தனை நெருப்புக்கு நடுவுல எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க.

— ஏன் வராது? மனுசன் நொழையற வாசலா அது? கோழிக்கூடாட்டத் தாழ்வா இருந்துச்சு.

— எங்க ஊட்டுக்காரரு வெச்ச நெலவுங்க. வாரவங்க ஆரா இருந்தாலும் குனிஞ்சு வரட்டும்பாரு. எல்லாருக்கும் ஒரு தடவையாச்சும் இடிச்சிருக்குது. என்ற பையன் சென்றாயனுக்கு மட்டும் இடிச்சதே இல்லீங்க. வளந்து ஆளானப்புறமும் ஓடியார வேகத்துலயே குனிஞ்சு நொழைவான்.

— மேஸ்திரி, வண்டியக் கழுவோணுமுங்க.

— கழுவு சடையா. அதுக்கும் என்னையக் கேக்கோணுமா?

— குழாய் காயப்போட்ட எடத்துல ஒரு ஆளு குந்தியிருக்கறானுங்க. வண்டி பின்னால வருது, தள்ளி உக்காருன்னு எஞ்சின் எரைச்சல்ல கையக் காட்டிக் காட்டி என்ற கையே ஓஞ்சுபோச்சு. இந்தப் பக்கந்தான் மூஞ்சிய வெச்சிருக்கறான், அசையக் காணோம். மதிக்கவே மாட்டேங்கறானுங்க.

— என்ற கூட வந்த ஆளுதானுங்க. பேசி முடிச்சதும் கூட்டிக்கிட்டுப் போயர்றேன். அதட்டாத சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும்.

— அட, அத்தாயக்காளா? அதட்டலீங்க. உங்க ஊட்டு மேல கொக்கிய வீசினவன் நாந்தானுங்க அக்கா. கவுத்தை இழுத்தோம், கூரை சரிஞ்சுது. சரிஞ்ச மறு நிமிசம் காத்து நின்னுபோச்சு. நெருப்பு அந்தப் பக்கத்து ஊட்டோடவே அடங்கிருச்சு. சோறு திங்கறப்பெல்லாம் அந்த நெனப்புத்தான் வருதுங்க.

— போயி வேலையப் பாரு சடையா. காத்து நிக்கும்னு ஆருக்குத் தெரியும்?

— ஆருக்கும் தெரியாதுங்க. அதனாலதானுங்க சாமி கேக்கறேன். நெருப்பு என்ற எடத்துக்கு வரவே இல்ல. அதே எடத்துல சின்னதா ஒரு ஓலைச் சாளை போட்டு இருந்துக்கறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கல்லு நடமாட்டாங்க.

— சாளையப் போட்டுக்குவ. அடுத்த கோடைக்கு? பஞ்சுப்பேட்டையில பத்துனப்போ இதே மாதிரித்தான் மொனையில நின்னுச்சு வண்டி. ஒரு கொழந்தையத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தேன் அத்தாயி. தூக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவங்கம்மா ரெண்டு கையும் நீட்டிக்கிட்டு நிக்கறா. அந்தக் கைகிட்டப் போறதுக்கு எனக்குக் கால் வரல.

— அய்யோ சாமி.

— உங்க தெருவுக்குப் பின்னால வண்டிப் பாதை இருக்குது. உன்ற எடம் தெறந்து கெடந்தா அந்த வழியா நடுத்தெருவுக்கே எஞ்சின் வந்துரும். அத்தனை ஊட்டுலயும் கொழந்தைங்க இருக்குது. உன் ஒருத்திக்காக அதை எப்படி மூடச் சொல்லுவேன்?

— மூட வேண்டாமுங்க. கொழந்தைங்க பொழைக்கட்டும். நான் என்ன அதுகளுக்கு எதிரியுங்களா.

— அப்ப நான் சொல்றதைக் கேளு. ஏரிக்கரையில உனக்கு எடம் கேட்டு வெச்சிருக்கறேன். இப்ப எங்க தங்கியிருக்கற?

— அத்தைமக செல்லாயி ஊட்டு மாட்டுக்கொட்டாயிலங்க.

— மாட்டுக்கொட்டாயி வேண்டாம். ஏரிக்கரையில நானும் சடையனும் மத்தவங்களும் வந்து சொவர் வெச்சுத் தாரோம். இடிச்ச கையாலயே கட்டித் தாரோம். உன்ற நெலவு எரியல, பத்திரமா எடுத்து வெச்சிருக்கறயில்ல? அதே நெலவையே வெச்சுருவோம். எனக்கு மறுபடி மண்டை இடிச்சாலும் சரி.

— உங்க மனசு எனக்குத் தெரியுமுங்க சாமி. நெலவு ஏரிக்கரைக்கு வருமுங்க. வழி வராதுங்களே.

— என்ன வழி?

— கெணத்து மேட்டுல ஏறி எறங்கினா வேப்பமரத்து வேரு கால்ல தட்டும். அங்கிருந்து சொவத்தோரமாவே வந்தா ஆட்டுக்கல்லு. ஆட்டுக்கல்லு தாண்டினா எங்க வாசல். என்ற பையன் பொறந்ததுல இருந்து நடந்த வழிங்க.

— சென்றாயன் ரங்கூனுக்குப் போனவனில்ல?

— ஆமாங்க. அரிசி மில்லு வேலைக்குக் கப்பலேறிப் போனான். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் தகவலே இல்ல. அப்புறந்தான், காட்டு வழியா நடந்து வார கூட்டத்துல அவனைப் பாத்ததா ஒருத்தரு வந்து சொன்னாருங்க.

— அப்ப சந்தோசப்படு. எத்தனை பேரு அந்தக் காட்டுலயே செத்துக் கெடக்கறாங்களாம். வாரவனுக்கு ஊடு தெரியாமயா போயிரும்? தெருவுல ஆரைக் கேட்டாலும் ஏரிக்கரைன்னு சொல்லிருவாங்க.

— கேக்க மாட்டானுங்க. சின்னதுல இருந்தே அப்படித்தான். வழி கேட்டா ரோசம் போயிருமாம். திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்சப்பக்கூட ஆரையுங் கேக்காமத் தானா நடந்து ஊடு வந்து சேந்தவனுங்க.

— கேக்க வேண்டாம், விடு. தெரு மொனையிலயே பலகையில கொட்டை எழுத்துல எழுதி மாட்டச் சொல்றேன். வந்ததும் கண்ணுல படும்.

— படாதுங்க சாமி.

— அட, படிக்கத் தெரியாட்டிப் போகட்டும். அவன் வார அன்னைக்கு ஆளு அனுப்பு, நானே வாரேன். என்ற கையால புடிச்சு ஏரிக்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். போதுமா?

— அவன் வந்துட்டானுங்க.

— என்ன சொல்ற? எப்ப?

— நேத்துங்க. உங்க குழாய் காயற எடத்துல உக்காந்திருக்கறானே, அவந்தானுங்க சென்றாயன்.

— அந்த ஆளா? சடையன் அத்தனை தடவை கையக் காட்டியும் நகரலயே.

— எப்படிங்க நகருவான்? மில்லுல தீப்புடிச்சப்ப உள்ள மாட்டிக்கிட்டான். கண்ணு ரெண்டும் அங்கயே போச்சுங்க.

— சடையா, வண்டிய நகத்தாத. அந்தத் தம்பிகிட்டயே வண்டி போகக் கூடாது.

— மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க சாமி. வாய் வரல. கண்ணு போச்சுன்னு ஒவ்வொருத்தருகிட்டயும் சொல்றப்ப எனக்கு மறுபடி ஒருக்காப் போற மாதிரி இருக்குதுங்க. அவனுக்கு இனி ஆரையும் புடிக்காம நடக்கத் தெரிஞ்ச எடம் இந்த ஒலகத்துல அது ஒண்ணுதான். அங்க நாலு கல்லு நட்டா அதுல தடுக்கி உழுவானுங்க.

— ஊடு இல்லைங்கறதை அவங்கிட்டச் சொல்லிட்டயா அத்தாயி?

— சொல்ல உடலீங்க. கூட்டியாந்தவரு கெணத்து மேட்டுல கைய உட்டதும் தானா எறங்கி வந்தான். வேரைக் கால்ல தொட்டான். ஆட்டுக்கல்லைத் தடவிப் பாத்துச் சிரிச்சான். நான் ஓடியாரதுக்குள்ள வாசல்கிட்ட வந்துட்டானுங்க. வெறும் எடத்துல, நெலவு இருந்த அதே எடத்துல, தலையக் குனிஞ்சு உள்ள நொழைஞ்சானுங்க சாமி.