வில்லன் மந்தமாக இருக்கிறான்

பசியோடு கதை கேட்கக் கூடாது என்பது என் கட்சி. பசித்தவனுக்கு எந்தக் கதையும் நீளம்தான். அதனால்தான் வியாழக்கிழமைகளில் பேக்கரி மாடியில் எங்கள் கூட்டம் தொடங்கும் முன்பே சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை பலகாரம் ஆளுக்கொன்று சுடச்சுட வாங்கிக் கொடுத்துவிடுவேன், என் செலவில். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். என்னைப் பற்றி நல்லதாகவும் நாலு வார்த்தை இருக்கட்டும்.

டாஸ்மேனியாவின் இந்த மூலையில், பர்னியில், சினிமா எடுப்பவர் யாரும் இல்லை. சினிமாவுக்குக் கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அவர்கள் ஒன்லைன் சொல்வார்கள். எங்கே இடிக்கிறது, எங்கே கொட்டாவி வருகிறது என்று நாங்கள் சொல்வோம். நான் மெல்பர்னில் ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்குக் கதை பொறுக்கித் தந்தவன். இங்கே வந்த பிறகும் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். அனுப்பியவையெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. "ஆல்பன், உங்க மூக்கு மழுங்கிப்போச்சு" என்று அங்கே ஒரு பெண் போனில் சொன்னாள். என் மகள் வயதுதான் இருக்கும். எனக்குச் சுருக்கென்றது. அதை மறைக்க மாட்டேன்.

எங்கள் கூட்டத்துக்கு இரண்டே விதிகள், இரண்டும் நான் வைத்தவை. கதை சொன்னவர், எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. கருத்துச் சொல்பவர் "நீ" என்று பேசக் கூடாது, "அவள்" என்றுதான் பேச வேண்டும். பாத்திரத்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்தால் கூட்டம் குழாயடி ஆகிவிடும்.

கூட்டத்துக்குப் புதிதாக வந்த ரோவெனா முதல் நாள் சொன்ன ஒன்லைன் இது: தினமும் சாயங்காலம் மனைவியின் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறான் ஒரு கணவன், அவனிடமிருந்து அவள் தப்ப வேண்டும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கிலோமீட்டர் விஷயத்தை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அன்று அடைமழை. ரோவெனாவிடம் கார் இருந்தது. ஆனாலும் நனைந்துகொண்டே நடந்து வந்திருந்தாள். எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று சொன்னால் என் தொழிலுக்கே அவமானம்.

நொரீனுக்கும் தெரிந்துவிட்டது. ஆம்புலன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள்.

"ரோவெனா, இது கதைதானாம்மா?" என்றாள்.

"நொரீன், விதி" என்றேன்.

"விதியாவது மண்ணாவது. இவ மணிக்கட்டைப் பாருங்க."

"பாத்திரத்தைப் பத்திப் பேசுங்க. ஆளைப் பத்திப் பேசாதீங்க."

"நொரீனக்கா, போன வாரம் என் கதைக்கும்தான் அழுதீங்க" என்றான் லாக்கி, பேய்க்கதை எழுதுகிறவன். "அதுல செத்தது ஆடு."

எல்லோரும் சிரித்தார்கள். நொரீன் முகம் சிவந்து உட்கார்ந்தாள். ரோவெனா வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். எல்லோரும் பேசி முடிக்கும்போது அடுத்த ஆளின் முறை வந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் ரோவெனா படிக்கட்டில் என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"அவ இன்னிக்கே அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டா என்ன ஆகும்?"

"பத்து நிமிஷத்துல படம் முடிஞ்சிடும். அவ இன்னும் கொஞ்ச நாள் அங்க இருக்கணும்."

"போலீசுக்குப் போனா?"

"சப்புனு போயிடும்."

"சரி. அப்ப இருக்கட்டும்" என்றாள். விதிப்படிதான் பேசினோம். இருவரும் "அவள்" என்றே சொன்னோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் காட்சி கொண்டுவந்தாள். பிடுங்கிய போன். வெளியிலிருந்து பூட்டிய குளியலறை. ஒவ்வொன்றும் முந்தினதைவிட நன்றாக இருந்தது. மெல்பர்னுக்குப் பாதியை அனுப்பினேன். அதே பெண் கூப்பிட்டாள். "இது எங்க கிடைச்சுது ஆல்பன்? மீதியை அனுப்புங்க, கிளைமாக்ஸ் மட்டும் பலமா இருக்கணும்." எத்தனை வருஷம் கழித்து அங்கிருந்து இப்படி ஆசையாகக் கேட்கிறார்கள். சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வியாழன் ரோவெனா முடிவைச் சொன்னாள். மனைவி கோழிக்கூட்டில் வைக்கோலுக்கு அடியில் பை கட்டி வைத்திருக்கிறாள். சனிக்கிழமை டெவன்போர்ட்டில் கப்பல் ஏறி மெல்பர்னிலிருக்கும் அக்காவிடம் போய்விடுகிறாள். அவ்வளவுதான். எங்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நொரீன் எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டாள். லாக்கிகூட கை தட்டினான். எனக்கோ உப்புச் சப்பில்லாமல் இருந்தது. இத்தனை தூரம் கூட்டி வந்துவிட்டு, கணவனுக்கு ஒன்றுமே தெரியாமல் அவள் பாட்டுக்குப் போய்விடுவதா?

மறுநாள் துறைமுகத்தில் தூண்டில் சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரன் கிளென், ரோவெனாவின் கணவன். கலகலப்பான ஆள். தூண்டில் இரைக்குக் கணவாய் மீன் கால் கிலோ கேட்டேன்.

"வாங்க சினிமாக்காரரே. எங்க வீட்டுக்காரி அங்க வந்து என்ன கதை விடுறா?"

"நல்ல கதைதான். ஒருத்தி புருஷனுக்குத் தெரியாம கோழிக்கூட்டுல பை கட்டி வெச்சிருக்கா. சனிக்கிழமை கப்பல்."

கணவாயை நிறுத்துப் பொட்டலம் கட்டினான். மேலே ஒன்று கொசுறும் போட்டான்.

"அப்புறம்?"

"அப்புறம்தான் இடிக்குது. புருஷன் மந்தமா இருக்கான்."

"மந்தமாவா இருக்கான்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

அதற்கு மேல் நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் அந்த வீட்டுக்குள் போனவர். நானாக இங்கே வந்ததற்குக் காரணம் பத்திரிகைச் செய்தி. முட்டை எடுக்கப் போன இடத்தில் தற்செயலாகப் பை அவன் கண்ணில் பட்டது என்று நீங்கள் சொன்னதாகப் போட்டிருந்தார்கள். கிளைமாக்ஸில் தற்செயல் வந்தால் கதை படுத்துவிடும், கத்துக்குட்டிக்கும் தெரியும். தற்செயல் இல்லை, இன்ஸ்பெக்டர். அவனுக்குச் சொன்னது நான். சொன்னால் என்ன செய்வான் என்று தெரிந்தேதான் சொன்னேன். வாரா வாரம் அவள் சொல்லிக் கேட்டவன்தானே நான்.

மெல்பர்னில் கதையை எடுத்துக்கொண்டார்கள், ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. திரையில் அவள் பெயர்தான் முதலில் வரும்; அதில் நான் கறாராக இருந்தேன். அவள் இன்று இருந்திருந்தால் எனக்கு நன்றி சொல்லியிருப்பாள்.