கோணல் வகிடு

நான்: பால் காய்ச்சியாச்சு. துணி காயப்போட்டாச்சு. குட்டியைக் குளிப்பாட்டியாச்சு. இப்ப இதுவுமா?

அவள்: இதுவும்தான். சீப்பைப் பிடி.

குட்டி: வேணாம்மா! நேத்து அப்பா பின்னி, ஸ்கூல்ல ஒரே சிரிப்பு.

அவள்: இன்னைக்கு அவங்களுக்குப் பழகியிருக்கும்டி.

நான்: போன் அடிக்குது.

அவள்: யாரு?

நான்: ...ஆஸ்பத்திரி.

அவள்: எடேன்.

நான்: கை ரெண்டும் முடியில இருக்கே!

அவள்: நேத்து சும்மாதானே இருந்துச்சு? அப்பவும் கட் பண்ணினே.

நான்: ஏதாவது விளம்பரமா இருக்கும்னு...

அவள்: ஆமாமா. என் சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பினவங்க, ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு சொல்லத்தான் கூப்பிடுறாங்க.

நான்: நாளைக்குக் கேட்டாப் போச்சு. ரிசல்ட் எங்க ஓடிடப் போகுது?

அவள்: அது ஓடல. நீதான் ஓடுறே. பின்னல்ல நடுக்காலை விட்டுட்டே பாரு!

குட்டி: ஆ... வலிக்குதுப்பா!

நான்: சாரிடா. ஏய், நீயும்தானே கேக்கல? உனக்கும் பயம்தானே?

அவள்: பேச்சை மாத்தாதே. இறுக்கிப் பிடி. ஊருக்கெல்லாம் பாலம் கட்டுற இன்ஜினியர், மூணு கால் பின்னலுக்கு முழிக்கிறதைப் பாரு.

நான்: பாலம் தலையை ஆட்டாது.

குட்டி: நான் எங்க ஆட்டினேன்?

நான்: இந்தா ஆட்டுறியே! ரப்பர் பேண்டு குடு... ம். முடிஞ்சுது.

அவள்: குட்டி, குதி. இன்னும்... நல்லா!

குட்டி: அவிழலம்மா!

அவள்: வகிடு மட்டும் பாம்பு போன தடம் மாதிரி இருக்கு. பரவால்ல. போய் ஷூ போடு.

நான்: பாத்தியா? இனிமே தினமும் நானே... திரும்ப அடிக்குது.

அவள்: எடு.

நான்: முடியாதுடி. எதாவது சொல்லிட்டாங்கன்னா? நான் என்ன பண்ணுவேன்? எனக்கு ஒண்ணுமே தெரியாது.

அவள்: ஏன், பால் பொங்காம இறக்கத் தெரியுதே. வெள்ளைச் சட்டையைத் தனியாத் துவைக்கத் தெரியுதே. போன வாரம் தெரிஞ்சுதா?

நான்: அது வேற, இது வேற... இரு. போன வாரத்துல இருந்துதானே எல்லாத்தையும் என் தலையில கட்டுறே?

அவள்: ம்.

நான்: நீ... கேட்டுட்டியா?

அவள்: போன வாரமே. இப்ப கூப்பிடுறது ஆபரேஷனுக்கு நாள் குறிக்க. உன் கை கொஞ்சம் தேறட்டும்னுதான் சொல்லல. பின்னல் நிக்குது, போதும். போனை எடு... நாளைக்கு வகிட்டை மட்டும் நேரா எடு.